ஸ்டாண்டு அக்கா பண்ணிய சத்தியம்

விண்வெளிக் கப்பலை எப்படி நிற்க வைப்பது என்று யாராவது கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அது எங்கே நிற்கும், பறக்கத்தானே செய்யும் என்பீர்கள். வானத்தில் தாராளமாகப் பறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டு அலமாரிக்குள் வந்துவிட்டால் நின்றுதானே ஆகவேண்டும்? இந்தக் கப்பல்களுக்குச் சக்கரம் கிடையாது, கால் கிடையாது, அடிப்பக்கம் தவளை வயிறு மாதிரி உருண்டையாக இருக்கும். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை மாதக்கணக்கில் ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, உள்ளே விளக்குக்கூட வைத்து முடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அத்தனையும் செய்துவிட்டு, பெட்டியோடு இலவசமாக வந்த ஒற்றைக் கால் ஸ்டாண்டில் அதைத் தூக்கி வைப்பார்கள். அந்தக் கால் கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் மெல்லச் சாயும். ஒரு நாள் யாராவது கதவை ஓங்கிச் சாத்துவார்கள், கப்பல் தலைகுப்புறத் தரைக்கு வந்து சேரும். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருத்தருக்குச் சோறு இறங்காது.

அப்படிச் சோறு இறங்காதவர்கள் தேடி வரும் ஆள்தான் ஸ்டாண்டு அக்கா.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, நகக்கண்ணில் எப்போதும் பிளாஸ்டர் மாவு. வாய் மட்டும் பெரிசு. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி வீடு. அதில் துணி துவைப்பதற்காகக் கட்டிய குட்டி அறைதான் அவள் வேலை செய்யும் இடம். வாஷிங் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மேஜை போட்டுக்கொண்டாள். மெஷின் சுற்றும்போது கூடத்தில் டிவி பார்ப்பவர்கள் சத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். கட்டின புருஷனே மூச்சு விடவில்லை, மற்றவர்களுக்கு என்ன வந்தது?

அதற்கு முன்னால் அவள் பல் செட்டு செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் தாடைக்கு மெழுகில் பல்லைப் பொருத்தி, அக்ரிலிக்கை வேகவைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புகிற லேப். லேப் அவளுடைய அண்ணனுடையது. கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியுமாக அவள் இளமை முழுவதும் அந்த ஜன்னலோர மேஜையில்தான் கழிந்தது. முன்பல் வைப்பதைச் சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே சீராக அடுக்கினால் பார்க்கிறவனுக்குப் பொய்ப்பல் என்று பட்டென்று தெரிந்துவிடும். ஒன்றை எள்ளளவு திருப்ப வேண்டும், ஒன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். அது அவளுக்குக் கைவந்த கலை. அந்த லேப்காரருக்கு நல்ல கை என்று டாக்டர்கள் புகழ்வார்கள். லேப்காரர் என்றால் அண்ணன். அண்ணனுடைய கை போன் பிடிக்கும், டீ கிளாஸ் பிடிக்கும், கார் சாவி பிடிக்கும். பல்லைப் பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது.

ஒரு நாள் பெரிய டாக்டர் ஒருவர் லேப்புக்கே நேரில் வந்தார். அவள் மெழுகும் கையுமாக இருந்தாள். அண்ணன் அவளைக் காட்டி, "நம்ம தங்கச்சிதான் சார். கூடமாட ஒத்தாசைக்கு" என்றான். அவ்வளவுதான். கையிலிருந்த தாடையை மேஜையில் வைத்தாள், கை கழுவினாள், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபம் தணிந்தால் நாலு நாளில் வந்துவிடுவாள் என்று அண்ணன் நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிற மனுஷன் வீட்டுக்கு வந்தால் ஆடாமல் அசையாமல் இருப்பார். அவரோடு வேலை செய்கிற ஒருவருடைய விண்வெளிக் கப்பல் அலமாரியிலிருந்து விழுந்து இறக்கை முறிந்துபோயிற்று. அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பெண்டாட்டியிடம் கொடுத்தார். அவள் இறக்கையை ஒட்டினாள். ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தாளா? அந்த ஒற்றைக் கால் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, இந்தக் குச்சியை நம்பியா இவ்வளவு நாள் இதை நிறுத்தி வைத்திருந்தான் உங்கள் கூட்டாளி, வெட்கமாக இல்லையா அவனுக்கு என்று ஒரு பாட்டம் திட்டினாள். திட்டின கையோடு தானே ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தாள். கூட்டாளி அதைத் தன் மாதிரிக் கப்பல் சங்கத்தில் காட்டினார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகத் துண்டில் சுற்றிய கப்பல்கள் அந்த லிஃப்ட்டில் ஏறி நாலாவது மாடிக்கு வர ஆரம்பித்தன. எது எந்தக் கதையில் வரும் கப்பல் என்று அவளுக்குத் தெரியாது, அவள் கேட்டதும் இல்லை. அவளைப் பொறுத்தவரை இது மூக்கு, அது வயிறு, அது வால். முடிந்தது கதை.

அவள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வந்த வம்புக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. முதலில் கப்பலை இடது கையில் மூன்று விரல் மேல் ஏந்திக்கொள்வாள். விரலை மாற்றி மாற்றி நகர்த்துவாள். ஆட்டம் நின்று கப்பல் தானாக அடங்குகிற இடம் ஒன்று வரும். அந்த மூன்று இடத்தில்தான் ஸ்டாண்டும் பிடிக்க வேண்டும். அப்புறம் கப்பலின் வயிற்றில் மெல்லிய பாலிதீன் தாளைப் போர்த்தி, தாடைக்கு அளவெடுக்கிற அதே மாவை அழுத்தி அச்செடுப்பாள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் கப்பலின் வயிறு அச்சு அசலாக மேஜைக்கு வந்துவிடும். அந்தப் பிளாஸ்டர் வயிற்றின் மேல் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக்கில் மூன்று விரல்களைக் கட்டி, அவற்றை ஒரு தண்டில் சேர்த்து, கனமான அடிப்பலகையில் இறக்குவாள். தள்ளி நின்று பார்த்தால் கப்பல் அந்தரத்தில் நிற்கும். கிட்டப் போனால்தான் பிடி தெரியும்.

மற்ற ஸ்டாண்டுக்காரர்கள் கப்பலின் வயிற்றில் துளை போட்டுக் கம்பியைச் சொருகுவார்கள். அது சுலபம், உறுதியும்கூட. இவள் மட்டும் மாட்டாள். கம்பியில் குத்தி நிறுத்த அது என்ன கோழியா என்று கேட்பாள். இவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் மூன்றே கால்தான்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டாண்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடுவாள். இது லேப்பில் வந்த பழக்கம். அக்ரிலிக் பொடியோடு ஒரு திரவம் கலக்க வேண்டும், மூக்கைத் துளைக்கிற வாடை அதற்கு. கலவை இறுகின பிறகும் அந்தத் திரவம் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். தண்ணீரில் ஊறினால்தான் வெளியேறும். ஊறாத பல் செட்டை வாயில் வைத்தால் ஈறு புண்ணாகிவிடும். பொம்மைக்கு ஈறு ஏது? இருந்தாலும் கை பழகிவிட்டது, ஒவ்வொரு ஸ்டாண்டையும் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இப்படி இருக்கும்போது அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். லேப்பில் நிலைமை சரியில்லை. முன்பல் வைக்கப் புதிதாகப் போட்ட ஆள் குதிரைப் பல் வைக்கிறான், டாக்டர்கள் செட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். இதையெல்லாம் அண்ணன் நேராகச் சொல்வானா? சொன்னால் கிரீடம் கழன்றுவிடுமே. குட்டி அறையை எட்டிப் பார்த்துவிட்டு, பொம்மைக்கு முக்காலி செய்வதெல்லாம் ஒரு பிழைப்பா பாப்பா என்று ஆரம்பித்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் அவனுக்கு அவள் பாப்பாதான். அண்ணனை அனுசரித்துப் போகக் கூடாதா என்று அம்மா தன் பங்குக்கு இழுத்தாள். இவள் பொறுத்துக்கொண்டாள். அண்ணன் விடவில்லை. எவனாவது பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒரு நாள் நீ கெடுக்கத்தான் போகிறாய், அன்றைக்கு இந்த வாய் எங்கே போகிறதென்று பார்க்கிறேன் என்றான்.

அங்கேதான் அவளுக்கு ஏறியது.

"என் கையால ஒரே ஒரு கப்பல் கெட்டுப்போகட்டும். மறுநாளே உன் லேப்ல வந்து உக்காந்து சாகிற வரைக்கும் பல்லு வெக்கிறேன். அம்மா மேல சத்தியம்" என்று அம்மாவின் தலையில் கையை வைத்துவிட்டாள்.

அண்ணன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் பேசாமல் போனதுதான் புருஷனுக்குப் பிடிக்கவில்லை. வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதில் உன்னை அடிச்சுக்க ஆளே இல்லையம்மா என்று சொல்லிவிட்டுக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சில மாதங்களில் கேப்டனுடைய வேலை வந்தது. கேப்டன் என்றால் பட்டாளத்து ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்திலேயே பெரிய கப்பல் அவருடையது, அதனால் அந்தப் பட்டம். கப்பலை அவர் ஒட்டினார், ஆனால் அதற்கு உயிர் கொடுத்தது அவர் சம்சாரம். கப்பலின் வயிறு நெடுகச் சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றும் கடுகில் பாதி. அத்தனையையும் அந்த அம்மாள் மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்திருந்தார். வரப்போகிற கண்காட்சியில் அதுதான் நடுமேஜையில் நிற்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது.

ஸ்டாண்டு அக்காவுக்கு அதை ஏந்த ஒரு கை போதவில்லை. இரண்டு கையும் கொடுத்து, ஆறு விரலில் அடக்கினாள். ஆறு விரல் ஸ்டாண்டு கட்டினாள். அவள் செய்ததிலேயே பெரிசு அதுதான், அழகும் அதுதான். ஊறப் போடுவோம் என்று வாளியில் இறக்கினால், வாளிக்குள் போகவில்லை. சாய்த்துப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் கேப்டன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஹார்ன் அடிக்கிறார். இதென்ன யார் வாயிலாவது வைக்கப் போகிற சமாச்சாரமா என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்கு அந்த நிமிஷம் தெரிவதில்லை. அந்த வாரம் முழுக்க அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

கேப்டன் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் அக்கா என்று மட்டும் சொன்னார். போனாள். முன்னறையில் சாப்பாட்டு மேஜை மேல் துண்டு விரித்து, கப்பலை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வயிற்றில் ஆறு இடத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. அடியில் பிளாஸ்டிக்கே இளகி, நகம் பட்டால் பதிகிற பதத்தில் இருந்தது. ஒரு வரிசை ஜன்னல் சுத்தமாகக் காணோம். அவள் ஸ்டாண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். வாடை அடித்தது. வருஷக்கணக்காக மூக்குக்குப் பழகிப்போன வாடை. பழகினதால்தான் கொடுத்தனுப்பின அன்றைக்கு உறைக்கவில்லை. அந்தத் திரவம் ஈறை மட்டுமா தின்னும்? பிளாஸ்டிக்கையும் தின்னும். இவ்வளவு நாள் அவளுடைய ஸ்டாண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அந்த வாளி.

தப்பு என்னுடையது, ஊறப் போடவில்லை என்று இரண்டே வார்த்தையில் சொன்னாள். கேப்டன் சம்சாரம் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் உள்ளே போய்விட்டார். கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விண்கல் பட்ட மாதிரி அந்த இடத்தில் கறுப்புப் பூசி மறைத்துவிடலாம், வேறு ஆளிடம் கொடுத்துத் துளை போட்டுக் கம்பியில் நிறுத்திக்கொள்கிறோம் என்றார். அவள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? அக்ரிலிக் பொடி விற்கிற கடை இவளுக்கும் அண்ணனுக்கும் ஒன்றுதான். அங்கே சேதி கேட்டு மறுநாளே வந்துவிட்டான். வந்தவன் கோபப்படவில்லை, அதுதான் மோசம். பாகாகப் பேசினான். பெயிண்ட் மட்டமான பெயிண்ட், அதனால்தான் இளகியது என்று சொல்லிவிடு, கேப்டனிடம் நான் பேசி முடிக்கிறேன் என்றான். திங்கட்கிழமை லேப்புக்கு வந்துவிடு, உன் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன், நாற்காலிகூடப் புதிசு என்றான். கடைசியாக, வாசல்வரை போனவன் திரும்பி நின்று சொன்னான்.

"அம்மா தலையில கை வெச்சிருக்க பாப்பா. மறந்துடாத. அம்மாவுக்கு வேற இப்பெல்லாம் ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது."

எந்த இடத்தில் அடிக்கிறான் பாருங்கள்! குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். பொய் சொல்லவும் சொல்கிறான், சத்தியத்தைக் காப்பாற்றவும் சொல்கிறான், இரண்டும் ஒரே வாயில்.

ஆனாலும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றால், இவள் சத்தியத்தை மீறினதால்தான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். இவளே சொல்லிக்கொள்வாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். லேப்புக்குப் போய்விடுகிறேன், அதுதான் நியாயம், சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்றாள்.

புருஷன் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். "போறதா இருந்தா போ. நான் ஏன்னு கேக்கமாட்டேன். ஆனா சத்தியத்துக்காகப் போறேன்னு சொல்லாத. பயந்துட்டேன்னு சொல்லு. அதுதான் நிஜம்."

அவளுக்கு வந்ததே கோபம். உங்களுக்கு என்ன தெரியும், லிஃப்ட் கம்பியைப் பார்த்துக்கொண்டு கிடங்கள் என்று கத்தினாள். அவர் பாட்டுக்குத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. விடிந்ததும் குளித்துவிட்டுக் கிளம்பினாள், லேப்புக்கு இல்லை, கேப்டன் வீட்டுக்கு.

அங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மல்லாந்து கிடந்த கப்பலின் வயிற்றில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கம்பி ஸ்டாண்டுக்காரர் சொல்லியனுப்பியபடி, அதுதான் துளை போட வேண்டிய இடம். கேப்டன் கையில் கைத்துளைப்பானை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சம்சாரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெருக்கல் குறி மேல் உள்ளங்கையை மூடி வைத்திருக்கிறார். கையை எடு என்கிறார் இவர். மாட்டேன் என்கிறார் அவர். காலையிலிருந்து இதே பாட்டாம்.

ஸ்டாண்டு அக்கா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். இரண்டு வார்த்தை வருவதற்குள் அந்த அம்மாள் நிறுத்திவிட்டார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் சாவகாசமா கேளு. இந்த ஆறு குழியையும் உன்னால அடைக்க முடியுமா? அதைச் சொல்லு."

முடியும் என்றாள். ஜன்னலை நான் போட்டுக்கொள்கிறேன், ஸ்டாண்டை நீ திரும்பச் செய், துளை போடாமல் என்றார் அந்த அம்மாள். கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. கெடுத்தவளிடமே திரும்பக் கொடுக்கிறதா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு என்றார்.

"ஏன் கெட்டுச்சுன்னு இப்ப இவளுக்குத் தெரியும். நீங்க கூட்டிட்டு வர்ற ஆளுக்கு இனிமேதான் தெரியணும். அவன் கெடுத்துக் கத்துக்க நம்ம கப்பல்தான் கிடைச்சுதா?" என்றார் சம்சாரம்.

கேப்டன் துளைப்பானை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்த வீட்டில் யார் கேப்டன் என்பது அதற்குமேல் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்றிலிருந்து தினமும் போனாள். இளகின பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்து, மிச்சம் இறுகும்வரை காத்திருந்து, பூச்சுக்கலவையால் குழியை அடைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்தாள். அவள் முடித்த இடத்தில் அந்த அம்மாள் தூரிகையை எடுப்பார். எதிரெதிரே உட்கார்ந்து வேலை, வேலையைவிடச் சண்டை அதிகம். மேஜையை ஆட்டாதே என்பார் அவர். உங்கள் முழங்கைதான் ஆட்டுகிறது என்பாள் இவள். இப்படியே ஆறு குழியும் மறைந்தது. உற்றுப் பார்த்தால் அந்த ஆறு இடத்திலும் புதுப்பெயிண்ட் ஒரு சாயல் மாறித்தான் தெரியும், பொய் சொல்வானேன்.

நடுவில் திங்கட்கிழமை வந்தது, போனது. அண்ணனிடமிருந்து போன் மேல் போன். அவள் எடுக்கவில்லை. லேப்பில் அந்தப் புது நாற்காலி சும்மாவே கிடந்தது.

புது ஸ்டாண்டு தயாரானதும் இரண்டாவது மாடிப் பெண்ணிடம் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியைக் கேட்டாள். எதற்கு என்றாள் அவள். எங்கள் வீட்டு ஸ்டாண்டு குளிக்கணும் என்றாள் இவள். குழந்தை ஈரத்துண்டில் குளித்தது, ஸ்டாண்டு தொட்டியில் கிடந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். தன் மூக்கை இனி நம்புவதாக இல்லை. வேலையிலிருந்து வந்த புருஷனைப் பிடித்து உட்காரவைத்து மோந்து பார்க்கச் சொன்னாள். எனக்கு உன் வாடைதான் அடிக்கிறது என்றார். ஒரு அடி வாங்கிக்கொண்டு சரியாக மோந்தார். ஒன்றுமில்லை. அதோடும் விடாமல், கேப்டனிடம் கப்பலின் மிச்சத் துண்டு ஒன்றை வாங்கி அதே பெயிண்ட் அடித்து, அதன் மேல் ஸ்டாண்டைக் கவிழ்த்து, செங்கல்லைப் பாரம் வைத்து விட்டுவிட்டாள். பல நாள் கழித்து எடுத்தபோது துண்டில் ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் கப்பல் அதன் மேல் ஏறியது.

கண்காட்சி ஒரு உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. நீள நீளமாக மேஜைகள், மேலே கறுப்புத் துணி, கூரையிலிருந்து பளீரென்று விளக்கு. நடுமேஜையில் கேப்டனுடைய கப்பல், மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு துளைகூட இல்லாமல். ஜனங்கள் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டாண்டு அக்கா மேஜைக்குப் பின்னால் இருந்தாள். பக்கத்தில் கேப்டனும் சம்சாரமும். நடந்ததைச் சங்கத்து ஆட்களிடம் அவளே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். இரண்டு பேர் தங்கள் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொள்ளட்டும்.

அண்ணன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வாசலில் நாலு படி. அம்மாவுக்கு மூச்சிரைத்தது. இரைக்கட்டும் என்றுதான் கூட்டி வந்திருந்தான். கேப்டன் சம்சாரம் எழுந்து தன் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா உட்கார்ந்தாள். மகள் செய்யும் ஸ்டாண்டு எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. இப்போது அது நேர் எதிரில், கண்ணுக்குச் சமமாக இருந்தது.

மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை. இந்தக் கப்பலைக் கெடுத்ததே இவள்தான், உங்களுக்கெல்லாம் தெரியுமா என்றான். ஒருத்தர் தெரியும் என்றார். அது அவனுக்குக் கொஞ்சம் இடித்தது, இருந்தாலும் மேலே போனான். ஒரு கப்பல் கெட்டாலும் லேப்புக்கு வந்துவிடுகிறேன் என்று பெற்ற தாய் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினவள், இப்போது போனைக்கூட எடுப்பதில்லை, வாக்குக்கு மதிப்பில்லாதவளை நம்பி எப்படிப் பொருளைக் கொடுக்கிறீர்கள் என்றான். கடைசியில் அவள் பக்கம் திரும்பினான்.

"சொன்னியா இல்லையா பாப்பா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"சொன்னேன். கெடுத்தேன். வரமாட்டேன்."

அண்ணனுக்கு ஒரு கணம் புரியவில்லை. சத்தியம் பண்ணவில்லை என்று மழுப்புவாள், இல்லை கப்பல் கெடவில்லை என்று சாதிப்பாள், இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். இதற்கு வைத்திருக்கவில்லை.

"கோவத்துல ஒரு பைத்தியக்கார சத்தியம் பண்ணினேன்" என்றாள் அவள். "அதைக் காப்பாத்துறதுக்காக என் மிச்ச ஆயுசைக் கொண்டுவந்து உன் நாற்காலியில வெக்கமாட்டேன். பாவம்னா அது என் பாவம். உனக்குப் பல்லு வேணும்னா வேற கையைத் தேடிக்க."

அண்ணன் முகம் கறுத்தது. "பாத்தியாம்மா? உன் தலை மேல பண்ணின சத்தியம்மா. உன் உயிரு அவளுக்கு அவ்வளவுதான். நீயே கேளு, உன் வாயால கேளு" என்றான்.

அம்மா இதுவரை இவர்களைப் பார்க்கவே இல்லை. கப்பலுக்கு அடியில் இருந்த அந்த ஆறு விரல்களில் ஒன்றைத் தொடலாமா என்று கேப்டன் சம்சாரத்திடம் சைகையில் கேட்டு, தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, அப்புறம் மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தலை மேலதானேடா பண்ணினா? தலை என்னோடது. அந்தச் சத்தியத்துலேருந்து நான் அவளை விட்டுட்டேன். நடுவுல நீ யாரு?"

ஸ்டாண்டு அக்காவுக்குக் கண்ணாடி மங்கிப்போயிற்று, கழற்றித் துடைக்கவும் கை வரவில்லை. சரி வாம்மா போகலாம் என்று அண்ணன் கையை நீட்டினான்.

அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நீ போ. நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றாள்.